மெல்போர்ன் போன முதல் கண்டெய்னர்

இடியப்பத்தைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் போகிறேன் என்று என் மகள் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "நடுக்கடல்ல கரண்டு போனா என்ன பண்ணுவே?" என்பதுதான்.

"கப்பல்ல கரண்டு போவாதும்மா."

"போனா?"

"போனா கப்பல் கேப்டனுக்கும் சேத்துத்தான் பிரச்சினை. எனக்கு மட்டும் இல்ல."

அவள் சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைக் காலையிலும் மாலையிலும் பார்த்து வெப்பநிலையை எழுதி வைப்பதும் நான்தான். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோனால் டாக்டர் நோயாளியைப் பார்ப்பார். நான் அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். ஒரு முறை குளிர் விட்டுப்போன மருந்தைத் திரும்பக் குளிர வைத்தால் பார்வைக்கு அது முன்போலவேதான் இருக்கும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடமாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே பயந்த சுபாவக்காரியாகிவிட்டேன்.

மகள் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்தவள். பாயான் லெப்பாஸில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு சிம்பாங் அம்பாட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலைக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தாள். சுங்கை பாக்காப் பக்கத்துப் பெண்கள் சிலரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் விடியற்காலையில் வந்து மாவு பிசைந்து, பிழிந்து, அவித்து எடுப்பார்கள். ஆறியதும் அதைக் கடுங்குளிர் அறைக்குள் தள்ளி உறைய வைத்து, பொட்டலம் கட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். உள்ளூர் சூப்பர்மார்க்கெட்டுகளில் விற்றது. ஆனால் அந்தக் குளிர் அறையின் செலவைத் தாங்கும் அளவுக்கு விற்கவில்லை.

அப்போதுதான் மெல்போர்ன்காரர் வந்தார். அங்குள்ள தமிழ்க் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் ஈழத்தமிழர். பினாங்குக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், காலைப் பலகாரத்துக்கு வைத்த இடியப்பம் எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். அதற்கு முன் வேறு ஓர் ஊரிலிருந்து அவர் வரவழைத்த சரக்கு வழியில் எங்கேயோ இளகி, மறுபடியும் உறைந்து, முழுப் பெட்டியும் ஒரே கட்டியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"நூல் நூலா நிக்கோணும் பிள்ளை," என்றார் மகளிடம். "கட்டியா வந்தா அதை நான் ஆருக்குக் குடுக்கிறது? ஒரு கண்டெய்னர் அனுப்புங்கோ. சரியா வந்தா, பிறகு நான் தொடர்ந்து எடுப்பன். பிழைச்சா, மன்னிக்கோணும், ரெண்டாம் தரம் கேக்க மாட்டன்."

அவர் போன பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மகள் எங்களிடம் சொன்னாள்: "இது ஓடலன்னா வருஷக் கடைசில பட்டறைய மூடிடுவேன்மா. அப்புறம் வேற வேலை தேடிக்கலாம்." குரலில் ஒன்றும் காட்டவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். நான் அன்று முழுதும் அந்த 'அப்புறம்' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டெய்னர் ஏற்றும் நாளுக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கணவரும் வந்தார். அவருடைய அக்கா சுங்கை பாக்காப்பிலிருந்து பூசைக் கூடையோடு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புது வண்டி வாங்கினாலும், புது வீட்டில் பால் காய்ச்சினாலும், பிள்ளைகள் பரீட்சைக்குப் போனாலும் எங்கள் குடும்பத்தில் தேங்காய் உடைப்பது அவர்தான். அவர் உடைத்தால் தேங்காய் சரிபாதியாக விழும். அது அவருக்கும் தெரியும்.

"அத்தை, பூசை எல்லாம் வெளியதான். லோரிக்குப் போடுங்க, டயருக்குப் போடுங்க, டிரைவருக்குக்கூட பொட்டு வைங்க. உள்ள மட்டும் ஒண்ணும் வேணாம்," என்றாள் மகள்.

"ஏன், உள்ள சாமி வராதா?"

"சாமி வரலாம். இலை, பூ, காய், பழம் வரக்கூடாது. ஆஸ்திரேலியால ஒரு பச்சை இலையப் பாத்தாலே பிடிச்சு வெச்சிடுவாங்க. பூச்சி வந்துடும்னு அவங்களுக்குப் பயம்."

"அவ்வளவு பெரிய நாட்டுக்கு எலுமிச்சம்பழத்துக்குப் பயமா?" என்று சொல்லிவிட்டு அக்கா கற்பூரத்தை எடுத்தார்.

நான் அதுவரை அந்த மாதிரி கண்டெய்னரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பாலத்தில் போகும்போது பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும், அவ்வளவுதான். முன்பக்கம் முழுதும் குளிரூட்டும் இயந்திரம். பின்பக்கம் இரண்டு கதவு. உள்ளே தரை சமமாக இல்லை. நீளவாக்கில் தண்டவாளம் போட்டதுபோல் அலுமினியச் சட்டங்கள், நடுவில் பள்ளங்கள். இயந்திரத்திலிருந்து வரும் குளிர்காற்று அந்தப் பள்ளங்கள் வழியாக ஓடி, கதவுவரை வந்து, பெட்டிகளுக்கு மேலே ஏறித் திரும்பிப் போகுமாம். சுவரில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேல் அடுக்கினால் காற்றுக்கு வழியில்லை.

"இது ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லம்மா," என்று மகள் எனக்கு விளக்கினாள். "சூடான சாமானக் குளிர வைக்காது. குளிர்ந்த சாமானக் குளிராவே வெச்சிருக்கும். அவ்வளவுதான். அதனால நாம எப்படி ஏத்துறோமோ அப்படியேதான் அங்க போகும்."

ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்திருக்கையில் அது ஓடினால் நம் ஊர்ப் புழுக்கக் காற்றை இழுத்து உள்ளே பனி கட்டிவிடுமாம். எனவே எல்லாம் வேகமாக நடந்தது. குளிர் அறையின் வாசலும் கண்டெய்னரின் வாசலும் ஒட்டி நிற்க, பெண்கள் கனத்த சட்டை போட்டுக்கொண்டு கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளை அடுக்கினார்கள். கடைசி வரிசை சரியாமல் குறுக்கே ஒரு வலை. வலைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழ இடம். லோரியைச் சற்று முன்னால் நகர்த்திக் கதவுகளைச் சாத்தி, கம்பி போன்ற 'சீல்' பூட்டை மாட்டி 'டக்' என்று அழுத்தினாள் மகள். அந்தச் சீலின் எண்தான் எல்லாத் தாள்களிலும் இருக்கும். இனி அதை மெல்போர்னில்தான் வெட்டுவார்கள்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. லோரி கிளம்பியது. அன்று மாலைக்குள் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னரை ஒப்படைக்க வேண்டும். அதற்குமேல் அந்தக் கப்பலுக்கு வாங்க மாட்டார்கள். நேரம் நிறையவே இருந்தது. எல்லாரும் உள்ளே வந்து கேசரி சாப்பிட உட்கார்ந்தோம்.

அக்கா திருப்தியாக இருந்தார். தட்டை வழித்துக்கொண்டே சொன்னார்: "வெளிய வெச்சா டயருக்குத்தான் காவல். சரக்குக்கு யாரு காவல்? அதான் உள்ளயும் ஒரு மூணு பழம், ஒரு கொத்து மாவிலை வெச்சிட்டேன்."

மூலையில் ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அத்தை," என்றாள் மகள், மிக மெதுவாக. "எங்க வெச்சீங்க?"

"கதவுகிட்டதான். ஒரு கதவச் சாத்திட்டு இந்தப் பிள்ளைங்க திரும்பினப்போ. குங்குமம் தடவித்தான் வெச்சேன்."

"நான் உள்ள ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்."

"நீ சொன்னே. சாமி சொல்லலியே."

நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். என் கணவர் இருவருக்கும் நடுவில் புகுந்தார். அக்கா விஷயம் என்றால் அவர் எப்போதும் அப்படித்தான்.

"விடுலா. மூணு பழம். அந்தக் குளிர்ல கல்லாப் போயிடும். அவ்வளவு பெரிய பெட்டில யாரு தேடப் போறா?"

"கதவத் திறந்ததும் முதல்ல தெரியறதே அதுதான்ப்பா. அதுவும் செவப்புப் பொட்டோட."

"மெல்போர்ன்காரரு நம்ம ஆளு. சொன்னா புரிஞ்சுக்குவாரு."

"அவரு புரிஞ்சுக்குவாரு. கதவத் திறக்கிறது அவரு இல்ல, அதிகாரிங்க. சொல்லாம பழம் அனுப்பிட்டோம்னு மொத்தத்தையும் பிடிச்சு வெப்பாங்க. அழிக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

அவள் போனை எடுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. லோரியைத் திரும்ப வரச் சொல்லிக் கதவைத் திறக்கப் போகிறாள்.

"வேணாம்டி," என்றேன். "திறக்காதே. வெளிய வெயிலப் பாரு. இளகிடுச்சுன்னா? உனக்குத் தெரியாது, வெளிப் பார்வைக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா உள்ள..."

"அம்மா." அவள் என் தோளைப் பிடித்தாள். "சூடு கொஞ்ச நேரந்தான். எலுமிச்சம்பழம் மெல்போர்ன் வரைக்கும் இருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

லோரிக்காரர் நெடுஞ்சாலையில் ஜூரு டோல் சாவடியைத் தாண்டியிருந்தார். போனை எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"தங்கச்சி, என்னா விளையாடுறீங்களா? நான் டோல் தாண்டியாச்சு. முன்னால ஒரு காடி குறுக்க வந்து, நான் பிரேக் போட்ட போட்டுல என் மத்தியானச் சோறு பூரா கீழ கொட்டிக் கெடக்கு."

"அண்ணே, உள்ள எலுமிச்சம்பழம் இருக்கு. எடுத்தாகணும்."

"அலாமாக்! இவ்வளவு பூசை போட்டீங்களே, எனக்கா போட்டீங்க, எனக்கெதிரா போட்டீங்களா?" என்றார். ஆனால் அடுத்த வெளிவழியில் திரும்பிவிட்டார்.

அவர் வந்து சேருவதற்குள் மகள் இரண்டு வேலை செய்தாள். கப்பல் நிறுவனத்தோடு நமக்காகப் பேசும் ஏஜெண்டைக் கூப்பிட்டு, சீலை வெட்டப்போவதைச் சொல்லி, புதுச் சீல் ஒன்றை மோட்டார்சைக்கிளில் கொடுத்தனுப்பச் சொன்னாள். எல்லாத் தாள்களிலும் எண்ணை மாற்ற வேண்டும் என்றாள். அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது. இரண்டாவதாக, மெல்போர்னுக்குப் போன் செய்தாள்.

"அவருகிட்ட ஏன்டி இப்ப சொல்றே?" என்று நான் கிசுகிசுத்தேன். "எடுத்தாச்சுன்னா சொல்லவே வேணாமே!"

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பழம், இலை, அத்தை, சீல், எல்லாம். அந்தப் பக்கமிருந்து அவர் குரல்: "படம் எடுத்து அனுப்புங்கோ. எடுத்ததையும், புதுச் சீலையும்." அவ்வளவுதான். வைத்துவிட்டார். கோபமா, ஏமாற்றமா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

லோரி வந்தது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். பெண்கள் கனத்த சட்டைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மகள் பெரிய கத்திரியால் சீலை வெட்டினாள். கதவு திறந்ததும் வெள்ளைப் புகைபோல் குளிர் கீழே வழிந்து எங்கள் காலைத் தொட்டது.

மாவிலைக் கொத்து அங்கேயே இருந்தது, நூல் கட்டியது கட்டியபடி. அதன் பக்கத்தில் ஒரு பழம். வலைக்கு அடியில் இன்னொன்று. மகள் எடுத்து ஒரு பையில் போட்டாள். மூன்றாவதைக் காணோம்.

"ரெண்டுதான் வெச்சிருப்பே அக்கா. மறந்திருப்பே," என்றார் என் கணவர்.

அக்காவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "ரெண்டா? நல்ல காரியத்துக்கு எவளாவது ரெண்டு வெப்பாளாடா? எழவு வீட்டுக்காரியா நான்? மூணு வெச்சேன். மூணுன்னா மூணு!"

அதற்குமேல் வாதம் இல்லை. அவர் மூன்று வைத்தார் என்றால் மூன்றுதான். மறந்து இரண்டு வைக்கும் கை அது இல்லை.

மகள் தரையில் படுத்துக் கைவிளக்கை அந்தப் பள்ளங்களுக்குள் அடித்தாள். ஒவ்வொரு பள்ளமாக. கதவோரத்தில் எல்லாப் பள்ளங்களும் திறந்திருந்தன. சின்னப் பழம் ஒன்று நுழையப் போதுமான இடம். ஏழாவதோ எட்டாவதோ பள்ளத்தில் அவள் விளக்கு நின்றது.

"இருக்கு," என்றாள். "ரொம்ப உள்ள."

லோரிக்காரர் போட்ட பிரேக்கில் அவர் சோறு கவிழ்ந்த அதே நேரம், இதுவும் பள்ளத்தோடு ஓடி, பெட்டிகளுக்கு அடியில் எங்கேயோ போய் நின்றிருந்தது. கை எட்டாது. துடைப்பக் கழியை விட்டுப் பார்த்தார்கள். இன்னும் உள்ளேதான் தள்ளியது. பெட்டிகளை எல்லாம் இறக்கினால் எடுக்கலாம். ஆனால் இறக்கி, மறுபடி ஏற்றி, கப்பலைப் பிடிக்க முடியாது.

"கதவச் சாத்துங்க," என்றாள் மகள். "குளிர் போவுது."

கதவுகள் சாத்தப்பட்டன. அவள் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வயதில் அடம்பிடிக்கும்போது நிற்பாளே, அதே மாதிரி. என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, முன்னுக்குப் போய்க்கிட்டிருக்கும்போது பிரேக் போட்டீங்க, அது உள்ள போச்சு. பின்னுக்கு வந்து பிரேக் போட்டா?"

லோரிக்காரர் தலையைச் சொறிந்தார். "வெளிய வரணும். ஆனா சாமான் சாயாதா?"

"வலை இருக்கு. இறுக்கமா அடுக்கியிருக்கோம். போடுங்க."

"போடுறேன் லா. டயரு தேஞ்சா உங்க அத்தைதான் வாங்கித் தரணும்."

கட்டடத்தின் பின்னால் இருந்த காலி இடத்தில் அந்தப் பெரிய லோரி பின்னால் உருண்டு வந்து, 'கிறீச்' என்று நின்றது. மறுபடி மெல்ல முன்னே போய், மறுபடி பின்னால் வந்து, நின்றது. பக்கத்துக் கட்டடத்து மரச்சாமான் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு பிரேக்குக்கும் கையைத் தலைக்கு மேல் கூப்பி "வேல் வேல்!" என்று கத்தினார். முதலில் சிரித்த பெண்கள் பிறகு சேர்ந்து கத்தினார்கள். தைப்பூசத்தில் தேரைப் பார்க்கிற கூட்டம்போல் ஆகிவிட்டது. நான் கத்தவில்லை.

"போதும்ணே!" என்று மகள் கையைக் காட்டினாள்.

கதவை ஒரு பக்கம் மட்டும் திறந்தாள். குளிர் வழிந்தது. அது கலைந்ததும், பள்ளத்தின் வாயிலேயே, குங்குமப் பொட்டோடு, பச்சையாக அந்தப் பழம் உட்கார்ந்திருந்தது.

அந்த இடத்தில் எழுந்த சத்தத்தை நான் இதுவரை எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. மரச்சாமான் பட்டறைக்காரர்கள், என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள். மகள் பழத்தை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினாள். பிறகு உடனே முகம் மாறி, "தொடைங்க, தொடைங்க, குங்குமம் ஒட்டியிருக்கு," என்று துணியைக் கேட்டாள்.

நான் என் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்தேன். கிளினிக்கில் பழகிய பழக்கம். காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். யாரையும் கேட்காமல் கதவோரப் பெட்டிகளுக்கு நடுவில் அதைச் செருகிப் பார்த்தேன். மைனஸ் பதினைந்துக்கு மேல் ஏறியிருக்கவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து அழுத்தினேன். கல்மாதிரி இருந்தது.

"என்னாம்மா?" என்று மகள் கேட்டாள். அன்று முழுதும் அவள் என்னிடம் ஒரு பதிலை எதிர்பார்த்துக் கேட்டது அப்போதுதான்.

"போகலாம்," என்றேன். "நல்லா இருக்கு. சாத்து."

புதுச் சீல் வந்திருந்தது. படம் எடுத்து மெல்போர்னுக்கு அனுப்பினாள்: மூன்று பழம், ஒரு கொத்து இலை, சீலின் எண். பதில் ஒரே சொல்: "பாத்தன்."

நாங்கள் காரில் லோரிக்குப் பின்னாலேயே போனோம். ஜூருவில் நெரிசல். ஒவ்வொரு முறை லோரியின் பிரேக் விளக்கு எரிந்தபோதும் என் வலது கால் தானாகக் கீழே அழுத்தியது, ஓட்டுவது நான் இல்லை என்றபோதும். துறைமுக வாசலில் வரிசை நீண்டிருந்தது. ஏஜெண்ட் புதுத் தாள்களோடு அங்கே நின்று, எங்களைப் பார்த்ததும் கையை விரித்து ஏதோ திட்டினார். கண்ணாடி சாத்தியிருந்ததால் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். லோரி வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று ஏஜெண்ட் கட்டைவிரலைக் காட்டினார். மகள் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கடல் நாட்கள். அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தேன். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னரை வேறு கப்பலுக்கு மாற்றும்போது மின்செருகியைக் கழற்றிச் செருகுவார்கள் என்று தெரியவந்ததிலிருந்து கிளினிக்கில் தடுப்பூசிப் பெட்டியைத் தேவைக்கு மேல் திறந்து பார்த்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மகளை ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிட்டேன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். "அம்மா, கப்பல் இன்னும் தண்ணியிலதான் இருக்கு," என்பாள் போனை எடுத்ததும். மெல்போர்ன்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது. அதிகாரிகள் அதைப் பிரித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. இரண்டு நாள் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலை கிளினிக்கில் நல்ல கூட்டம். காய்ச்சல் காலம். மருந்துச் சன்னலுக்கு முன்னால் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. மேசை இழுப்பறைக்குள் என் போன் அதிர்ந்தது. மகள் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய குரல் இல்லை. மெல்போர்ன்காரர் அவளுக்கு அனுப்பியதை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். காதில் வைத்தேன்.

"பிள்ளை, எல்லாத்தையும் திறந்து பாத்திட்டினம். ஒரு குறையும் இல்லையாம், விட்டுட்டினம். நான் நேற்றுப் பின்னேரம் ஒரு பெட்டியை வீட்டை கொண்டுபோய் அவிச்சுப் பாத்தன். நூல் நூலா நிக்குது. மனிசி தேங்காய்ப்பால் சொதி வைச்சவ, சட்டி காலி. நீங்கள் அண்டைக்கு மறைக்காமல் சொன்னியள், அப்பவே எனக்குத் தெரியும் நான் உங்களிட்டைத்தான் வாங்கப்போறன் எண்டு. அடுத்த கண்டெய்னர் எப்ப ஏத்துறியள்? அத்தையை மட்டும் கேற்றுக்கு வெளியிலை நிப்பாட்டுங்கோ."

நான் சத்தம் போட்டுவிட்டேன். என்ன சத்தம் என்று எனக்கே தெரியாது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி பதறி எழுந்து, "மிசி, சியாப்பா சாக்கிட்?" என்று கேட்டார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று.

யாருக்கும் ஒன்றும் இல்லை, என் மகளுடைய புட்டு மாயாம் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்துவிட்டது என்று மலாய் மொழியில் சொன்னேன். இடியப்பத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கப்பலில் போனது, குளிர்ப்பெட்டியில் போனது, உருகவே இல்லை என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஆஸ்திரேலியாக்காரங்க புட்டு மாயாம் சாப்பிடுறாங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் தமிழில் கேட்டார்.

"நேத்து ராத்திரி ஒரு சட்டி சொதியோட சாப்பிட்டுட்டாங்க," என்றேன்.

யாரோ கைதட்டினார்கள். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பாட்டி சன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மருந்தை எடுத்து, பெயரை ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். அன்று என் குரல் தெருவரைக்கும் கேட்டதாக டாக்டர் சொன்னார்.